நான் கூட்டிச் சொன்ன பதினெட்டு நாட்கள்

என் பேத்தி பிறந்து இன்றைக்குத் தொண்ணூற்றேழு நாட்கள். நிறை நான்கு கிலோ எழுநூற்று இருபது கிராம். இந்த இரண்டு எண்களையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனிச் சொல்லப்போவதைக் கேட்டு யாராவது பரிதாபப்படத் தொடங்கிவிடுவார்கள். பரிதாபம் எங்களுக்கு வேண்டாம். உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை எல்லாம் சரியோ? இல்லை, அந்த மாதிரி உண்டான பிள்ளையள் எண்டால்..." என்று இழுக்கிறார்கள். இதுவரை பதினாறு பேர் இப்படி இழுத்திருக்கிறார்கள். பதினேழாவது ஆள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் எழுதுவினைஞனாக முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணுவது என் வேலை. கப்பல்காரன் சொல்லும் தொகையும் என் தொகையும் ஒத்துவராவிட்டால் கையெழுத்து வைக்க மாட்டேன். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ விடுதிக்குப் போகும் படிகள் இருபத்திரண்டு. வெளியே உட்காரும் வாங்குகள் ஏழு. அதில் ஒன்றுக்குக் கால் இல்லை. பயம் வந்தால் எண்ணுவேன். எண்ணுவதால் பயம் போய்விடுவதில்லை, ஆனால் மனதுக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

மகன் அகிலனும் மருமகள் தர்சினியும் கல்யாணம் செய்து ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. என் மனைவி அந்தக் கவலையோடேயே போய்ச் சேர்ந்தாள். அகிலன் கட்டாரில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. கடைசியில் இருவருமாகக் கொழும்பில் ஒரு வைத்தியரிடம் போனார்கள். தர்சினியின் கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருந்தன. முட்டையை வெளியே எடுத்து, விந்தோடு சேர்த்து, ஐந்து நாள் ஆய்வுகூடத்தில் வளர்த்து, அந்தக் கருவைத் திரும்பக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை என்றார்கள். ஊரில் இதற்கு "ஊசி" என்று ஒரே சொல்லில் பெயர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையும் சொல்வதில்லை. "கொழும்பு வேலை" என்போம்.

அகிலனின் லீவுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தோம். முட்டைகள் வளரப் போட்ட மருந்தால் தர்சினியின் வயிறு வீங்கி மூச்சு முட்டியது. இந்த உடம்போடு கருவை வைத்தால் ஆபத்து, உறையவைத்து விட்டு உடம்பு தேறியதும் வைப்போம் என்றார் கொழும்பு வைத்தியர். லீவு முடிந்து அகிலன் போய்விட்டான். அவன் விமானம் ஏறி இருபதாம் நாள் கருவை வைத்தார்கள். ஒன்றே ஒன்று. அது தங்கியது.

வீட்டில் மூன்று பேர் அழுதோம். நான், தர்சினி, தர்சினியின் தாய் செல்வராணி. சம்பந்தி அம்மா இலங்கைத்துறையிலிருந்து மகளோடு நிற்க வந்தவர். வாயில் மிளகாய் வைத்திருப்பவர் என்று என் மனைவி சொல்வாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபடி அவர்தான் முதலில் கேட்டார்.

"அது சரி, சம்பந்தி. மருமேன் போய் இருபது நாளுக்குப் பிறகு என்ர பிள்ளை எப்பிடி உண்டானவள் எண்டு ஊர் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

ஊர் கேட்கும். எங்கள் சின்னத் தெருவில், எங்கள் ஒழுங்கையில், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் புருஷன் வந்த நாளும் போன நாளும் எண்ணப்படும். வெளிநாட்டில் ஆண்கள் இருக்கும் எல்லா ஒழுங்கையிலும் அப்படித்தான். சிகிச்சை என்று சொன்னால் ஒரு கதை, சொல்லாவிட்டால் அதைவிட மோசமான கதை. அகிலன் போனில் சொன்னான்: "அப்பா, அம்மாவாணை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நீங்கள் தானே கணக்கில கெட்டிக்காரன். ஏதாவது செய்யுங்கோ."

நான் செய்தேன். வைத்தியர்கள் கர்ப்பத்தைக் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அதனால் ஐந்து நாள் வளர்ந்த கருவை வைக்கும் அன்றைக்கே கர்ப்பத்துக்குப் பத்தொன்பது நாள் வயது. அதற்கும் பின்னால் இன்னும் பதினெட்டு நாள் தள்ளினால், அகிலன் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு கரு உண்டானதாக வரும். அதற்கு மேல் தள்ளினால் வயிறு காட்டிக்கொடுத்துவிடும். என் கணக்குக் கொப்பியில் பென்சிலால் நான்கு தரம் சரிபார்த்தேன். மருத்துவமாது வீட்டுக்கு வந்து கர்ப்பிணி அட்டை எழுதியபோது, என் திகதியைத் தர்சினி சொன்னாள். அவர் எழுதினார். ஒரு கப்பலுக்குக்கூட நான் பொய்த்தொகை எழுதியதில்லை. என் சொந்தப் பேத்திக்கு எழுதினேன்.

ஐந்தாம் மாதம் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஸ்கான் பார்த்தார்கள். டொக்டர் நஸ்ரின் என்று கிண்ணியா ஊர்ப் பிள்ளை. முப்பது வயதுதான் இருக்கும். "பிள்ளை திகதிக்கு இரண்டரைக் கிழமை சின்னனாத் தெரியுது. திகதி பிழையா இருக்கலாம். ஸ்கான்படி மாத்துவமா?" என்று கேட்டார். மாற்றியிருந்தால் எல்லாம் அங்கேயே சரியாகியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய், என் கொப்பியைத் திறந்து, அகிலன் விமானம் ஏறிய திகதியைக் காட்டினேன்.

"டொக்டர், மகன் போன நாள் இது. இதுக்குப் பிந்தி இருக்க ஏலாது."

டொக்டர் கொப்பியைப் பார்த்தார். தர்சினியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "சரி ஐயா" என்று திகதியை அப்படியே விட்டார். 'வளர்ச்சி குறைவு, கவனிக்கவும்' என்று அட்டையில் எழுதினார். வெளியே வரும்போது நான் ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டவனைப் போல நிமிர்ந்து நடந்தேன். பஸ்ஸில் ஏழு தரிப்பிடமும் தர்சினி ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பனிக்குடம் உடைந்தது. வலி இல்லை, நீர் மட்டும். முச்சக்கர வண்டியில் கொண்டுபோனோம். அட்டையின்படி முப்பத்தாறு கிழமையும் ஒரு நாளும். ஆஸ்பத்திரியில் அனுமதித்தார்கள். ஆண்களுக்குப் பார்வை நேரம் மத்தியானம் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். மற்ற நேரம் நான் வெளியே, ஏழு வாங்குகளில் கால் உள்ள ஒன்றில். சம்பந்தி அம்மா மட்டும் உள்ளே போய் வருவார். வரும்போது எனக்கு இடியப்பமும் சொதியும் ஒரு போத்தல் தேநீரும் கொண்டுவருவார். ஏசிக்கொண்டுதான் தருவார்.

"தின்னுங்கோ. நீங்கள் மயங்கி விழுந்தால் அதுக்கும் நான்தான் ஆள் பிடிக்க வேணும்."

மத்தியானம் அவர் வெளியே வந்து சொன்னது இதுதான்: "நாளைக்குக் காலமை வலி வாறதுக்கு மருந்து ஏத்துவினமாம். முப்பத்தாறு முடிஞ்சுதாம், பிள்ளை சின்னனாம், இனி வைச்சிருந்து பிரயோசனமில்லையாம். நல்ல காலம், கெதியா முடியப் போகுது."

நான் இடியப்பத்தைக் கீழே வைத்தேன். முப்பத்தாறு கிழமை ஒரு நாள் என்றால் இருநூற்று ஐம்பத்து மூன்று நாள். அதில் பதினெட்டைக் கழித்தால் இருநூற்று முப்பத்தைந்து. முப்பத்து மூன்று கிழமையும் நான்கு நாளும். கொழும்பு வைத்தியர் முதல் நாளிலேயே சொல்லி, என் கொப்பியில் எழுதியிருந்த எண் முப்பத்து நான்கு. அதற்கு முன் பிள்ளை பிறக்கும் போலிருந்தால் தாய்க்கு ஊசி போட்டு, பிள்ளையின் சுவாசப்பை முதிர இரண்டு நாள் அவகாசம் கொடுப்பார்களாம். இங்கே அந்த ஊசி இல்லை. ஏனென்றால் அட்டையின்படி அது தேவையில்லை. அட்டை என்னுடையது.

"சம்பந்தி அம்மா, திகதியைச் சொல்ல வேணும்" என்றேன்.

"ஆருக்கு?"

"டொக்டருக்கு."

அவர் சுற்றிலும் பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டு நிர்மலா அந்த விடுதியில் சிற்றூழியர். வாளியோடு அந்தப் பக்கம்தான் நின்றாள். "அவளுக்கு முன்னால சொன்னால், பின்னேரம் ஆறு மணிக்கு ஒழுங்கை முழுக்கச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும்" என்றார். அவர் சொன்னது உண்மை.

பார்வை நேரத்தில் உள்ளே போனேன். தர்சினி இடது பக்கம் சரிந்து படுத்திருந்தாள். எட்டாம் கட்டில். மெதுவாகச் சொன்னேன். பதினெட்டு நாள், முப்பத்து நான்கு, சுவாசப்பை. அவளுக்கு வெட்கமாக இருக்கும், சொல்லாதேங்கோ மாமா என்பாள் என்று நினைத்து, அதற்கும் ஒரு பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்.

"மாமா, எனக்கு வெட்கமில்லை. உங்களுக்குத்தான் வெட்கம்" என்றாள். "அண்டைக்குக் கொப்பியைக் காட்டினீங்கள். அந்த டொக்டர் என்னை எப்பிடிப் பார்த்தவ எண்டு கண்டனீங்களோ? என்ர பிள்ளையின்ர தகப்பன் ஆர் எண்டு பார்த்தவ. ஊருக்கு நல்ல பிள்ளையாக் காட்ட வெளிக்கிட்டு, அவவுக்கு முன்னால என்னை அப்பிடி நிப்பாட்டினீங்கள். நான் வாய் திறக்கேல்லை. உங்களில வைச்ச மரியாதையில. இப்ப அந்த மரியாதை முக்கியமில்லை. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு பேச்சு வாங்கினேன். ஒரு சொல்லும் பிழையில்லை. இரவல் கௌரவத்துக்காக நான் அவளை அந்த மேசைக்கு முன் நிறுத்தியிருந்தேன். அதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"நான்தான் எழுதினது. நான்தான் சொல்ல வேணும்" என்றேன்.

டொக்டர் நஸ்ரின் சுற்றுக்கு வந்தபோது எட்டாம் கட்டிலருகே நின்றேன். பார்வை நேரம் முடிந்து எட்டு நிமிடம் கழிந்திருந்தது. தாதி இரண்டு தரம் என்னை வெளியே போகச் சொன்னார். போகவில்லை. நிர்மலா அடுத்த கட்டிலுக்குக் கீழே நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பம் நின்றதைக் கண்டேன். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"டொக்டர், அட்டையில இருக்கிற திகதி பொய். நான் கூட்டினது. இது கொழும்பில சிகிச்சை செய்து உண்டான பிள்ளை. உறையவைச்சு, மகன் போனதுக்குப் பிறகு வைச்சது. வைச்ச திகதி இது. ஐஞ்சு நாள் கரு. இண்டைக்கு முப்பத்து மூண்டு கிழமையும் நாலு நாளும்."

கொழும்புக் கடிதத்தையும் கொடுத்தேன். அதை அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தோம். வீட்டிலிருந்து புறப்படும்போது ஏனென்று தெரியாமலே கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். டொக்டர் இரண்டு தரம் வாசித்தார். விரலால் கணக்குப் பார்த்தார். என் கணக்குச் சரி.

"ஐயா, நாளைக்குக் காலமை நான் என்ன செய்ய இருந்தனான் எண்டு விளங்குதோ?"

"விளங்குது."

"பிள்ளை சின்னன் எண்டு இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தனான். பிள்ளை சின்னன் இல்லை. பிள்ளை சரி. திகதிதான் பெரிசு." பிறகு தர்சினியிடம் திரும்பினார். "தங்கச்சி, அண்டைக்கு உங்களைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேணும். நான் வேற மாதிரி நினைச்சு விட்டிட்டன். அது என்ர பிழை."

தர்சினி, "ஓம்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது.

பத்து நிமிடத்தில் எல்லாம் மாறியது. வலி வர நாளைக்கு ஏற்ற இருந்த மருந்து வேண்டாம் என்றார்கள். சுவாசப்பை முதிர்வதற்கான ஊசி, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றாக நான்கு. கிருமி தொற்றாமலிருக்க வேறு மருந்து. பனிக்குடம் உடைந்த பிறகு காத்திருப்பதில் தொற்று என்ற ஆபத்து உண்டு. காத்திராவிட்டால் மூச்சு என்ற ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலத்தில் நிறுத்துவதுதான் வைத்தியம் என்று எனக்கு விளங்கியது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருதரம் காய்ச்சல் பார்த்தார்கள். சம்பந்தி அம்மா உள்ளே இருந்து அந்த அளவைக் கொண்டுவந்து சொல்ல, நான் எழுதினேன். முதல் ஊசி பின்னேரம் இரண்டு மணி. இரண்டாவது இரவு இரண்டு. மூன்றாவது, நான்காவது. நான்காவது ஊசி போட்டு முடிந்தது என்று அவர் வந்து சொன்னபோது அவருக்கு ஏச எதுவும் கிடைக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து என் தேநீரை எடுத்துக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை வலி தானாக வந்தது. முப்பத்து நான்கு கிழமை சரியாக. பதினொன்று நாற்பதுக்குப் பெண்பிள்ளை. இரண்டு கிலோ ஐம்பது கிராம். என் பொய்த் திகதிக்கு அது குறைந்த நிறை. உண்மைத் திகதிக்கு முழு நிறை. இதை நான் எழுதிக் கீழே கோடு போட்டேன்.

அழுதாளாம், ஆனால் மெல்ல. மூச்சு வேகமாக இருந்தது. முந்திப் பிறந்த பிள்ளைகளின் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். மூக்கில் ஒரு சிறு குழாய். காற்றை மெதுவாக அழுத்தித் தள்ளிக்கொண்டே இருக்கும், சுவாசப்பையின் அறைகள் ஒட்டிப்போகாமலிருக்க. ஊதிய பலூன் சுருங்கி ஒட்டினால் திரும்ப ஊதுவது கஷ்டம் அல்லவா, அதைப் போல. விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே போய் வருவதை எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு. அறுபதுக்குக் கீழே வர வேண்டும் என்றார் தாதி. பின்னேரம் எழுபது. மறுநாள் காலை அறுபத்து நான்கு. மறுநாள் பின்னேரம் ஐம்பத்தாறு. அப்போதுதான் எனக்குப் பசித்தது.

"ஊசி போடாட்டி?" என்று டொக்டர் நஸ்ரினைக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒருவேளை இப்பிடியே இருந்திருக்கும். ஒருவேளை மெசினுக்குள்ள இருந்திருப்பா. அதை ஆரும் எண்ணிச் சொல்ல ஏலாது ஐயா. எண்ண ஏலாததை எண்ணாதேங்கோ."

நான் டொக்டரிடம் சொன்ன அன்றே அகிலனுக்கு விஷயம் போயிருந்தது. பிள்ளை பிறந்த பிறகு போனில் வந்தான். "அப்பா, என்ன செய்திட்டியள்? நிர்மலா அக்காவுக்கு முன்னாலயா சொன்னீங்கள்?" என்றான். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "மூச்சு இப்ப எத்தினை?" என்று கேட்டான். அதன் பிறகு ஊரைப் பற்றிக் கேட்கவில்லை.

ஊர் தானாக வந்தது. ஐந்தாம் நாள் என் சிற்றப்பாவின் மகள் சின்னத்தங்கம் ஒரு பை தோடம்பழத்தோடு வந்து வாங்கில் உட்கார்ந்தாள். கால் இல்லாத வாங்கில். எழும்பி அடுத்ததில் உட்கார்ந்தாள்.

"அண்ணை, மனதைத் திடமா வைச்சிருங்கோ. ஊசிப் பிள்ளையள் எண்டால் அப்பிடித்தானாம். நெஞ்சு பலவீனமாம். வளர்ந்தாலும் புத்தி கொஞ்சம் மட்டாம். என்ன இருந்தாலும் கடவுள் குடுக்கிறது மாதிரி வருமோ?"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம்."

"எல்லாரும் எண்டால் எத்தினை பேர்?"

அவள் விரலை மடிக்கத் தொடங்கி நிறுத்தினாள். "உங்களோட கதைக்கேலாது அண்ணை."

அவள் சொன்னது என்னைச் சுட்டது. அன்றைக்கே டொக்டரைப் பிடித்துக் கேட்டேன். அவர் நின்றபடியே பத்து நிமிடம் சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன். சிகிச்சையால் உண்டான பிள்ளைகளையும் தானாக உண்டான பிள்ளைகளையும் இரண்டு கூட்டமாக வைத்துப் பார்த்தால், முதல் கூட்டத்தில் முந்திப் பிறப்பவர்களும் நிறை குறைந்தவர்களும் ஓரளவு அதிகம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஏன் என்று கேட்க வேண்டும். முன்பெல்லாம் ஒன்றாவது தங்கட்டும் என்று இரண்டு மூன்று கருவை வைப்பார்கள். இரட்டையர் தொகை கூடும். இரட்டையர் எந்த வழியில் உண்டானாலும் முந்தித்தான் பிறப்பார்கள். ஒரே கருவை வைத்தால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். மிச்சமிருப்பதிலும் தாயின் வயது எவ்வளவு, பிள்ளை தங்காமல் செய்த பழைய நோய் எவ்வளவு, சிகிச்சை எவ்வளவு என்று இன்னும் பிரித்து முடியவில்லை. உறையவைத்த கருவில் வந்த பிள்ளைகள் பொதுவாகச் சின்னனாகப் பிறப்பதில்லை. சிலர் கொஞ்சம் பெரிதாகவும் பிறப்பார்கள், தாயின் இரத்த அழுத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் நாள் நிறைந்து, சுகமாகப் பிறக்கிறார்கள்.

"அப்ப எங்கட பிள்ளைக்கு ஏன் முந்தி நீர் உடைஞ்சது?"

"தெரியாது ஐயா. தானா உண்டான பிள்ளையளுக்கும் உடையுது. உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ. எட்டுப் பிள்ளையள் படுத்திருக்கினம். ஆர் எப்பிடி வந்தவை எண்டு நான் சொல்ல மாட்டன். மெசினுக்கும் அது தெரியாது."

எனக்கு இது விளங்குவதற்குக் கஷ்டமில்லை. சேதமான மூட்டைகள் என்று பதிவில் ஒரு நிரல் இருக்கும். கொக்கி கிழித்ததும், வரும் வழியில் நனைந்ததும், ஏற்றும்போதே ஓட்டையாக வந்ததும் எல்லாம் அதே நிரலில் விழும். அடித்தொகையை மட்டும் பார்க்கிறவன் கப்பலைத் திட்டுவான். ஒவ்வொரு மூட்டையையும் புரட்டிப் பார்த்தவனுக்குத்தான் எதை யார் கிழித்தது என்று தெரியும். என் பேத்தி என்ற மூட்டையை நான் புரட்டிப் பார்த்தவன். சிகிச்சை அவளுக்கு ஒரு கீறலும் போடவில்லை. அவளைக் கிழிக்க இருந்த கொக்கி என் கையில் இருந்தது.

மறுநாள் சின்னத்தங்கத்துக்கு நானே போன் எடுத்து, முழுவதையும் சொன்னேன். இருபத்தாறு நிமிடம். நடுவில் அவள், "அண்ணை, அடுப்பில சோறு" என்றாள். "இறக்கி வைச்சிட்டு வா, நான் நிக்கிறன்" என்றேன். வந்தாள். மிச்சத்தையும் கேட்டாள். இப்போது ஒழுங்கையில் யாராவது 'ஊசிப் பிள்ளை' என்று தொடங்கினால், "ஐயோ, அண்ணைக்குக் கேக்கப் போகுது" என்று அவள்தான் நிறுத்துகிறாளாம்.

பிரிவில் பதினாறு நாள். முப்பத்து நான்கு கிழமையில் உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் சேர்த்துச் செய்யப் பிள்ளைக்குத் தெரியாது. அதனால் மூக்கு வழியே குழாய் விட்டுத் தாய்ப்பால். முதலில் மூன்று மில்லிலீற்றர், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு தேக்கரண்டி கூட இல்லை. தர்சினி கையால் பீய்ச்சிச் சிறு கோப்பையில் கொடுத்தனுப்புவாள். ஒன்பதாம் நாள் முப்பத்தைந்து மில்லிலீற்றர். இடையில் மஞ்சள் காமாலை. நீல வெளிச்சத்துக்குக் கீழே கண்ணைக் கட்டி இரண்டு நாள். பிறகு கங்காரு மாதிரித் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் ஒட்டக் கட்டிவைத்தார்கள். தர்சினி களைத்தபோது சம்பந்தி அம்மா கட்டிக்கொண்டார். மிளகாய் வாய்க்காரி, ஒரு பேச்சும் இல்லாமல் மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்தார். நிர்மலாவும் அந்த நாட்களில் எங்களுக்குச் சுடுதண்ணீர் நிரப்பித் தந்தாள். ஒழுங்கைக்குச் செய்தி கொண்டுபோனவளும் அவள்தான். நான் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மருத்துவமாது வந்து அட்டையைக் கேட்டார். பழைய திகதியைச் சிவப்பு மையால் வெட்டி, கரு வைத்த திகதியையும் சிகிச்சையின் பெயரையும் எழுதினார். "ஐயா, என்னட்டயே பொய் சொன்னீங்கள் என்ன" என்றார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது.

போன வியாழக்கிழமை தடுப்பூசிக்காகக் கிளினிக்குக்குப் போனோம். கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே நாள், ஒரே வரிசை. ஆறு பத்துக்கே போய் நான் எடுத்த இலக்கம் ஒன்பது. மண்டபம் நிறைந்திருந்தது. நிறை பார்க்கும் இடத்தில் தாதி, "முந்திப் பிறந்த பிள்ளையா? திகதி நிச்சயமா?" என்று கேட்டார். "நிச்சயம். சிகிச்சையில உண்டான பிள்ளை. வைச்ச நாளே இருக்கு" என்றாள் தர்சினி, சாதாரணக் குரலில். வாங்கில் இருந்த தலைகள் திரும்பின. ஒன்பது தலை. அவள் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது. ஏழு மாத வயிறு. தோப்பூரிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். கொஞ்ச நேரம் எங்கள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் அட்டையைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள், திரும்ப உள்ளே வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

"தங்கச்சி, திகதியை மாத்தச் சொன்னால் ஏசுவினமோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஏசுவினம்" என்றாள் தர்சினி. "ஒரு ஐஞ்சு நிமிசம்."

"உங்கட வீட்டுக்காரர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவர். இப்ப ஒவ்வொரு நாளும் பிள்ளையின்ர நிறை கேக்கிறார். உங்களுக்கு எத்தினை நாள் வித்தியாசம்?"

அந்தப் பெண் இரண்டு விரலையும் பிறகு ஐந்து விரலையும் மடியில் வைத்துக் காட்டினாள். இருபத்தைந்து என்றாலும் சரி, இரண்டும் ஐந்தும் ஏழு என்றாலும் சரி, இரண்டும் கூடாது.

"உங்கட இலக்கம் எத்தினை?" என்று கேட்டேன்.

"நாப்பத்தொண்டு, ஐயா." மணி ஏழரை. நாற்பத்தொன்று வருவதற்குள் பயம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும். எனக்கு அந்தப் பயத்தைத் தெரியும். அது எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதும் தெரியும்.

உள்ளே, "ஒன்பது" என்று கூப்பிட்டார்கள். நான் எங்கள் இலக்கத் துண்டை அந்தப் பெண்ணின் கையில் வைத்து, அவளுடைய துண்டை வாங்கிக்கொண்டேன். அவள் எழும்பினாள். பின் வாங்கிலிருந்து ஒரு மனிதர், "ஐயா, வரிசை எண்டு ஒண்டு இருக்கு" என்றார்.

"இருக்கு" என்றேன். "ஒன்பது எங்கட இலக்கம். அதை இவவுக்குக் குடுத்திட்டம். நாப்பத்தொண்டில நாங்கள் போறம். எண்ணிப் பாருங்கோ, உங்கட இடம் ஒண்டும் குறையேல்லை."

அவர் எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. அதற்குள் அவள் அட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி மருத்துவமாதுவின் மேசைக்கு முன் போய் உட்கார்ந்துவிட்டாள்.